ஒற்றைப் பிரேக்

மச்சான்,

நேற்று பாசிக்குடா வீதி வளைவில் நல்ல மழை. புது ஜீப்பின் பின்பக்கம் வழுக்கியது. ஸ்டேரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கியது. நான் பிரேக்கில் கால் வைக்கவேயில்லை. நாலு சில்லில் ஒரு முன்சில்லு மட்டும் கரகரத்துப் பிடிக்க, வண்டி நேரானது. உன் நினைவு வந்து ஓரமாக நிறுத்திவிட்டேன்.

யுத்தம் முடிந்தபின் ஒரு நிறுவனத்தில் சாரதி வேலை கிடைத்தது. பயிற்சியில் சொல்லித்தந்தார்கள்: ஸ்டேரிங் திரும்பிய பக்கமும் வண்டி உண்மையில் போகும் பக்கமும் ஒத்துவருகிறதா என்று ஒரு கருவி பார்த்துக்கொண்டே இருக்குமாம். மூக்கு வெளியே இழுபட்டால் உட்பக்கப் பின்சில்லைப் பிடிக்கும். வால் வீசினால் வெளிப்பக்க முன்சில்லைப் பிடிக்கும். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் உழவு மெஷினில் இதைக் காலாலேயே செய்தவர்கள் அல்லவா நாம்? வயல் வட்டை மூலையில் இரண்டு பிரேக் மிதியில் வலதை மட்டும் அமுக்கினால் வலப்பக்கச் சில்லு நின்று, மெஷின் அப்படியே சுழலும். நீ திருப்பினால் வரம்பில் ஒரு புல் சாயாது. நான் திருப்பினால் பாதி வரம்பு போய்விடும். "றோட்டுல ஏறக்குள்ள ரெண்டு மிதியையும் சேத்துக் கொளுக்கியப் போடு மச்சான். இல்லாட்டி ஆளைக் கவுத்துப்போடும்" என்பாய்.

சுனாமியாய்க் கடல் வந்த காலையில், மெஷினின் இழுவைப் பெட்டி நிறையச் சனத்தோடு நீ ஓட்டினாய். பாலத்தடி வளைவில் பிரேக் போட, ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. பெட்டி சரிந்தது. மற்ற மிதியை உதைத்துக் கவிழாமல் நிமிர்த்தினாய்; ஆனாலும் மீன் விற்கும் அக்கா விழுந்து கை முறிந்தது. பள்ளிக்கூட முகாமில் எல்லோரும் உன்னை ஏசினார்கள். "என்ர பிழைதான்" என்று தலைகுனிந்து நின்றாய்.

அதற்கு முதல்நாள் வயல் சேற்றில் மெஷினைத் திருப்பிவிட்டுக் கொளுக்கியைப் போட மறந்தவன் நான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். இரண்டு வருடத்தில், வாகரைப் பக்கம் போன நீ ஷெல் குண்டு பட்டுச் செத்துப்போனாய்.

நேற்று அந்த வளைவிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அவன் அண்டைக்கே என்னட்டச் சொன்னவன் தம்பி, நீதான் எண்டு. 'அவன் பயந்தவன் அக்கா, கேட்டுப்போடாதீங்க' எண்டும் சொன்னவன்."

தெரிந்துகொண்டே இரண்டு வருடம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அன்று நீ வாங்கிய ஏச்சு முழுவதும் என்னுடையது. இனி அது என்னிடமே இருக்கட்டும், மச்சான்.