தெருவறியச் சொன்ன பகல்

அக்கா,

இன்று காலை புது மாத்திரை டப்பாவின் மூடியைத் திருகினேன். உள்ளிருந்து வந்த மருந்து வாசனை என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய் விட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தா. எச்ஐவி மாத்திரைக்காக முதல்முறை வந்தவள், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "கோவளமா? நானும் அங்கதான். ஒண்ணா பஸ்ஸுக்குப் போலாம் வா" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை.

நோய் என் வீட்டுக்காரரிடமிருந்துதான் எனக்கு வந்தது. அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார். குடித்துவிட்டு அடிப்பார். அதையும் தாங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருமுறை மாத்திரையைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டார். ஒருவேளை தவறினாலே பயம் பிடிக்கும். அந்த முறை நான்கைந்து வேளை தவறிப்போய்விட்டது. உனக்குப் போன் செய்தேன்.

உச்சி வெயிலில், நீ என்னைச் சேர்த்துவிட்டிருந்த நம் பெண்கள் சங்கத்தாரோடு வந்து வாசலில் நின்றாய். நான் ஓடிவந்து உன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். அவர் கையில் வலை அறுக்கும் கத்தி இருந்தது.

"மாத்திரைய குடுத்துடு தம்பி. அது அவ உசுரு."

"நீ யாரு கேக்க? இவளுக்கு இன்னா நோவு, எவன்கிட்ட வாங்கினு வந்தான்னு தெருவுக்கே சொல்லட்டா?"

வீட்டுக்கு வீடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய்:

"நோவ சொல்லி பயமுறுத்துறியா? எனக்கு கீதுப்பா எச்ஐவி. எம்புருசன் குடுத்துட்டு செத்தாரு. மாத்திரை போட்டுகினு நான் உயிரோட கீறேன். இன்னும் யாருக்குச் சொல்லணும், சொல்லு."

கத்தி தாழவில்லை. அப்போது எதிர்வீட்டு மீன்காரம்மா, நம் சங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர், கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து நம்மோடு நின்றார். "குடுத்துடுடா" என்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். டப்பா மண்ணில் வந்து விழுந்தது.

அன்றே என்னை உன் வீட்டுக்கு அழைத்துப் போனாய். மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்கும் கூடவே வந்தாய். நான் பிழைத்தேன். உன் இட்லிக் கடைக்குத்தான் பல வாரம் யாரும் வரவில்லை. "பசிச்சா வருவாங்க" என்று மாவு ஆட்டிக்கொண்டே இருந்தாய். முதலில் வந்தது அந்த மீன்காரம்மாதான்.

போன மழைக்காலத்தில் நீ போனாய். நோயால் அல்ல, மாரடைப்பில்.

எல்லோரும் உன்னைப் பயமே அறியாதவள் என்கிறார்கள். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அன்று பேசிய நேரம் முழுவதும் என் கையைப் பிடித்திருந்தாய். உன் கை வேர்த்துப்போய், விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

நேற்று மதுராந்தகத்தில் ஒரு வீட்டின் முன் நம் பெண்களோடு நின்றேன். உள்ளே ஒருத்தி அடிபடும் சத்தம். என் கை நடுங்கிற்று. நடுங்கட்டும் என்று கதவைத் தட்டினேன்.