முட்டை வேட்டை

பிப்ரவரி 3, திங்கள்

தலைமையாசிரியை ஒருவழியாகத் தலையசைத்துவிட்டார். என் ஏழாம் வகுப்புக்கு மட்டும் வண்ணத்துப்பூச்சிப் பாடத்தை இணைய வேட்டையாக நடத்தலாம். வெள்ளிக்கிழமை அவரே வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் மறுபடி பாடப்புத்தகம், கோடிட்ட இடத்தை நிரப்புக.

நான் துப்பு கொடுப்பேன். பிள்ளைகள் இணையத்தில் துழாவி விடையைப் படத்தோடு அனுப்ப வேண்டும். முதல் துப்பு: ‘காலால் ருசி பார்ப்பவர் யார்?’ எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“தனியா சிரிக்கிறே. யாரையாச்சும் புடிச்சிட்டியா?”

“ஆமா. ஆறு காலு.”

“காலு இருக்கட்டும்டி, வேலை என்ன?”

பிப்ரவரி 5, புதன்

ஒருவன் தன் தம்பிப் பாப்பா சோற்றுக் கிண்ணத்துக்குள் நிற்கும் படத்தை விடையாக அனுப்பியிருக்கிறான். முழு மதிப்பெண் போட்டேன். போடலாமா? போட்டாச்சு.

பிப்ரவரி 6, வியாழன்

நாளைக்கு. சாப்பாடு இறங்கவில்லை, பாட்டு மட்டும் வருகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

ஐயோ.

கடைசித் துப்பு: ‘முட்டையைத் தேடிப் படம் அனுப்புக.’ யாருடைய முட்டை என்று எழுத மறந்துவிட்டேன்! திரையில் முதலில் வந்தது ஒரு கணக்குப் பரீட்சைத் தாள். மேலே சிவப்பு மையில் கொழுகொழுவென்று ஒரு சைபர். வகுப்பு சிரித்துக் கூரையைப் பிய்த்தது. கணக்கு எடுப்பவர் தலைமையாசிரியை.

“இது என் கையெழுத்தாச்சே. யாருது?”

எல்லோரும் ‘ரேடியோ’ என்று கூப்பிடும் கடைசி பெஞ்சுக்காரி எழுந்தாள். “என்னுதுதான் மேடம். முட்டைதானே கேட்டாங்க?”

தலைமையாசிரியை திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒண்ணு கேட்டாங்க, ஒண்ணு குடுத்திருக்கே. இந்தக் கணக்காவது சரியா வந்துச்சே!” பிறகு என் பக்கம் திரும்பினார். “இவ நிஜ முட்டைய கண்டுபிடிக்கட்டும் மிஸ். அப்ப பேசுவோம் உங்க வேட்டைய பத்தி.”

என் பாடம் ரேடியோ கையில்!

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டு நாளும் இணையமே கதியென்று கிடந்திருக்கிறாள். எந்தப் பூச்சி எந்த இலையில் முட்டையிடும் என்று தலைகீழ்ப் பாடம். எலுமிச்சை இலை என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது தலைமையாசிரியை அறை ஜன்னலில் இருக்கும் எலுமிச்சைத் தொட்டி. இடைவேளையில் நேரே உள்ளே புகுந்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

இலைக்கு அடியில் குண்டூசித் தலையளவு மஞ்சள்.

“தூசிம்மா அது,” என்றார் மேடம். ரேடியோ செல்போனில் பெரிதாக்கிக் காட்டினாள். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“சைபர் மாதிரியே இருக்கு.”

“நீங்க போட்டத விட அழகா இருக்கு மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் வராந்தா முழுக்க ரேடியோவின் குரல்: “மிஸ்! என் முட்டை பொரிஞ்சிடுச்சு!”

ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டியருகே மேடம், மூக்கு இலையில் இடிக்கக் குனிந்து நிற்கிறார். “சத்தம் போடாதே, பயந்துடும்,” என்று அவளை அதட்டுகிறார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து ஃபைலைத் தேடினார்.

மாலையில் கால அட்டவணை ஒட்டினார்கள். ஏழாம் வகுப்பு மூன்று பிரிவுகளுக்கும் எதிரே சிவப்பு மையில் ‘வேட்டை’. கீழே பொடி எழுத்தில்: ‘கேள்வியை முழுமையாக எழுதவும்.’