வெட்டிய பக்கம்

முடிச்சூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி ஆஸ்டினுக்கு,

அண்ணன் தயாளன் எழுதுவது. ஜோசலினும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு அப்படியே உன் மூக்கு என்கிறாள் உன் அண்ணி சாராள். எனக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுச் சேற்றையெல்லாம் கழுவியாயிற்று. கீழே இருந்த உன் புத்தகப் பெட்டி மட்டும் போய்விட்டது.

போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. அதனால்தான் மஸ்கட்டுக்குக் கடிதம்.

வெள்ளத்தன்று குடும்ப குரூப்பில் ஒரு படம் போட்டேனே, தெருமுனை ஜெயவேலு கட்சிக் கொடியோடு இடுப்பளவு தண்ணீரில் நடக்கும் படம். ‘வெள்ளத்திலும் விளம்பரம்’ என்று எழுதியிருந்தேன். நீயும் சிரித்திருந்தாய். அது ஊரெல்லாம் சுற்றி அவர் வீட்டுக்கே போய்விட்டதாம்.

அவர் கட்சி எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். போன வெள்ளத்தில் நம் கட்சிக்காரர்கள் கொடி கட்டிய வண்டியில் ரொட்டி கொண்டுவந்தபோது சேவை என்று மெச்சினேன். இவர் கையில் கொடியைக் கண்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு கிடைத்தது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். கொண்டுவந்தவர் அவர். சாராளும் ஜோசலினும் ஏறியபின் எனக்கு இடமில்லை. மாடியில் நின்று படம் எடுத்தேன். எடுத்ததில் பாதியை வெட்டிவிட்டுப் போட்டேன்.

மறுநாள் சாராள் சொல்லித்தான் தெரியும். கால்வாய் மூடி எங்கே திறந்திருக்கிறது என்று அந்தக் கொடிக்கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் போயிருக்கிறார். ‘இங்க பள்ளம் கீது, என் பின்னாலயே தள்ளிகினு வாங்க’ என்று படகு தள்ளியவர்களிடம் கத்தினாராம். வேறு கம்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

நான் வெட்டிய பக்கத்தில் உன் மனைவி வலியில் சுருண்டு கிடக்கிறாள், ஆஸ்டின்.

படத்தை அழித்துவிட்டேன். ஊருக்குப் போனதை அழிக்க முடியவில்லை. நேற்றுப் பால் கடையில் அவரே வந்து, ‘கொழந்த நல்லா கீதா சார்’ என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

முழுப் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு வரும்போது நம் வாசலுக்கு வருமுன் தெருமுனையிலேயே இறங்கிவிடு. அவரை நீ கூட்டிக்கொண்டு வா. பிள்ளையை அவர் கையில் கொடு. அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கத் தோன்றினால் பார்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உன் அண்ணன்,
தயாளன்