ரூயி வாய் திறந்த நாள்

அன்புள்ள நூனோ,

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைக்கு ஒரே மொழி போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இனி போனில் நம் ரூயியிடம் போர்த்துகீசியம் பேசாதே என்று உனக்கு எழுத இருந்தேன்.

இன்று விளக்குத் திருநாள். தெருப் பிள்ளைகளோடு அவனும் காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக இனிப்புக்குப் போனான். முதல் வீட்டில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த ஊர் மொழியான லக்சம்பர்கியத்தில் பாடினான். பேக்கரிக்காரரிடம் பிரெஞ்சில், "இன்னொண்ணு தாங்க" என்றான். உன் ஊர்க்காரியான பக்கத்து வீட்டு ஓடெட் அக்காவிடம் உன் மொழியில், "எங்கப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டான்.

"ஊமைன்னு அழுதியேடி, இப்ப இவன் வாய மூடு பாப்போம்," என்று அக்கா என்னைச் சீண்டினாள்.

எந்த வாசலில் எந்த மொழி என்று இவனுக்கு யார் சொன்னது, நூனோ?

காலையில் போன் செய். அவன் கேட்டதற்கு உன் மொழியிலேயே பதில் சொல்.

உன் மனைவி