உலகத்துக்கே நான் சொன்ன 'நோ'

12.9.1998, சனி. பிரிக்ஃபீல்ட்ஸ்.

இன்று உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் முடிவு சொன்னவன் நான்தான்.

அக்கா மகள் கவிதா, சுங்கை வே தொழிற்சாலை மெஷின்களில் மட்டும் இருக்கும் ஒரு கார்டை இயக்க, லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு டிரைவர் புரோகிராம் எழுதியிருக்கிறாள். லினக்ஸ்காரர்கள் ஏற்றுக்கொண்டால் அது உலகம் முழுக்கப் போகும். நாளை அனுப்ப வேண்டும். லினக்ஸ் போடுகிறவன் எதுவும் சொல்லாவிட்டால் இந்த டிரைவர் அவன் மெஷினில் தானாகச் சேர வேண்டுமா, வேண்டாமா, 'எஸ்'ஸா 'நோ'வா என்று அவள் குறிக்க வேண்டும். சாலையோர ஒட்டுக்கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து அதையே யோசித்தாள்.

"எஸ்னு போடு லா! நம்ம வீட்டுப் பிள்ளை எழுதுனது, எல்லா மெஷின்லயும் இருக்கட்டும்."

"அந்த கார்டே இல்லாதவன் திட்டுவான் மாமா. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிருவாங்க."

அதற்குள் தே வந்தது. பாலும் இல்லை, சீனியும் இல்லை; வெறும் கோசோங். எனக்கு வந்ததே கோபம்!

"அண்ணே, நான் கோசோங்கா கேட்டேன்? அதைக் கேக்குறவனுக்கு மட்டும் கொடுங்க!"

கவிதா கை தட்டிச் சிரித்தாள். "நீங்களே சொல்லிட்டீங்க மாமா! கேக்குறவனுக்கு மட்டும். 'நோ'தான்."

அவளுக்குப் புரியட்டும் என்று வேண்டுமென்றேதான் கத்தினேன். அக்காவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். இனி அமெரிக்காக்காரன் மெஷினைத் திறந்தாலும் உள்ளே என் 'நோ' உட்கார்ந்திருக்கும். பாவம், அவனுக்குத்தான் என்னைத் தெரியாது.