நலம் விசாரிக்க வந்தவர்கள்

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டர் அனுப்பிய அச்சு மறுபடியும் கோணல். இதை வைத்துப் பல்செட் செய்தால் போட்டுக்கொள்கிறவர் ஒரு பக்கமாகத்தான் மெல்ல வேண்டும். போனில் கத்தினேன். மனுஷன் சிரிக்கிறார்!

வாலு இன்று வயிறாரச் சாப்பிட்டாள். அக்கா மகள். புருஷனை விட்டு என்னிடம் வந்ததிலிருந்து பேருக்குத்தான் கொறித்துக்கொண்டிருந்தாள். அவன் கைநீட்டுகிறவன். அவள் இங்கே இருப்பது அக்காவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அடுத்த நிமிஷம் மாப்பிள்ளை காதுக்குப் போய்விடும்.

மார்ச் 6, வியாழன்

காலையில் பல்செட் தேய்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடினால் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் கூடத்தில் இரண்டு போலீஸ்! மணி அடித்தார்களாம், யாரும் வரவில்லையாம், கதவு வெறுமனே சாத்தியிருந்ததாம். ஒருவர் பெரியவர், ஒருவர் இளைஞர். இளைஞர் என் மேஜையில் இளித்துக்கொண்டிருந்த பற்களைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தார்.

"பயப்படாதீங்கம்மா, நலம் விசாரிக்கத்தான். உங்க அக்கா மகளைக் காணோம், ஏதாவது பண்ணிக்குவாங்களோன்னு வீட்டுக்காரர் தவிக்கிறாரு. சொந்தக்காரங்க வீடெல்லாம் பாத்துட்டு வரோம்."

"அதுக்கு வீட்டுக்குள்ள வருவீங்களா? கோர்ட்டு உத்தரவு இருக்கா?"

"உயிர் விஷயம்மா. உத்தரவுக்குக் காத்துட்டிருக்க முடியுமா?"

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார். வாலு தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, உடுத்தியிருந்தாள். "சாரிம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரியாதையான மனுஷன்தான். கிளம்பும்போது, "பத்திரமா இங்கதான் இருக்காங்கன்னு சொல்லிடறோம்" என்றார்.

சொல்லாதீங்க என்றாள் வாலு. உதடு மட்டும்தான் அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எதிர்ச்சுவர் ஓரம் அவன் பைக். சாயங்காலம் வரை.

மார்ச் 8, சனி

அக்கா போன் பண்ணினாள். "உன் வீட்டுக்குப் போலீஸ் வர்ற அளவுக்குப் பண்ணிட்டியேடி. மாப்பிள்ளை பாவம், எவ்வளவு பயந்துட்டாரு!"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பாவமா? உன் மக தோளை வந்து பாரு, அப்புறம் சொல்லு யார் பாவம்னு." வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். நான் மயங்கி விழுந்து கிடந்து, அவர்கள் உள்ளே வந்து தூக்கியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே! என் குரலைக் கேட்ட பிறகும் அந்தக் கதவை ஏன் திறக்க வேண்டும்? வந்தவர் நல்லவர் என்பதால் இது என் வீடு இல்லாமல் போய்விடுமா? யாரிடம் கேட்பது இதை?

மார்ச் 13, வியாழன்

மறுபடி வந்தார்கள். அதே பெரியவர், கூட ஒரு பெண் போலீஸ். சித்தி அவளைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று புதுப் புகாராம். தாழ்ப்பாள் போட்டிருந்தேன். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தால், வாலு என்னை விலக்கிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என் வீட்டுக்குள்ளேயே நின்று கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

"நல்லா பாத்துக்குங்க. உயிரோட இருக்கேன். யாரும் பூட்டி வைக்கல."

"உள்ள வந்து ஒரு நிமிஷம் பேசலாமா?" பெண் குரல்.

"வேணாம். இங்கயே பேசுங்க. போன தடவை நீங்க சொன்ன மறுநாளே அவர் வந்து எதிர்ல நின்னாரு. எங்க இருக்கேன்னு, என்னை அடிக்கறவர்கிட்டயே போய்ச் சொல்லிட்டீங்க."

"எங்களுக்கு அது தெரியாதேம்மா" என்றார் பெரியவர்.

"கேட்டீங்களா?"

அடி என் கண்ணே! கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போய் அவன் மேல் எழுதிக் கொடுத்தோம். எழுதியது அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 24, திங்கள்

பெண் போலீஸ் போன். அவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்களாம். இனிமேல் அவளைக் கேட்காமல் முகவரி யாருக்கும் தரமாட்டார்களாம். பார்ப்போம். வாலுவுக்குப் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது; அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்திருக்கிறாள்.

ஏப்ரல் 2, புதன்

அவளுடைய புது அறைக்கு முதல்முறை போனேன். இரண்டாவது மாடி. மணி அடித்தேன், பதில் இல்லை. இன்னும் அழுத்தினேன். கூப்பிட்டேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். அவன் கண்டுபிடித்து வந்துவிட்டானோ? வழுக்கி விழுந்துவிட்டாளோ? அவசரத்துக்கு என்று ஒரு சாவி கொடுத்திருக்கிறாள். எடுத்துப் பூட்டில் நுழைத்தும் விட்டேன். அந்தப் போலீஸ்காரப் பெரியவரின் முகம் ஞாபகம் வந்தது, திருப்பவில்லை. கதவைப் படபடவென்று தட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"இருங்க சித்தி, குளிச்சிட்டிருக்கேன்!"

சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். அவள் நிதானமாகக் குளித்து, உடுத்தி, வந்து கதவைத் திறந்தாள்.

"வாங்க சித்தி" என்றாள். உள்ளே போனேன்.