காப்புக் கட்டிய வீடு

31 மே 1976

அய்யாவோடு பெரிய சண்டை. ஜெயித்துவிட்டேன்.

மெட்ராஸில் மனோதத்துவ பி.ஏ.வுக்கு இரண்டு கல்லூரிகள் நேர்காணலுக்கு அழைத்திருக்கின்றன. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஒரே பட்டம். போன வெள்ளிக்கிழமை வரச் சொன்ன கல்லூரிக்குள்ளேயே விடுதி இருக்கிறது. அய்யாவுக்கு அதுதான் பிடித்தது. ஜூன் 23-ல் கூப்பிட்டிருக்கும் கல்லூரியில் மூன்றாம் வருஷப் பிள்ளைகளை மனநல ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்க் கற்றுக்கொடுக்கிறார்களாம். எனக்கு அதுதான் வேண்டும். ஏலத்தோட்ட ஜீப் உருண்டு, கூட இருந்த கூட்டாளி செத்ததிலிருந்து என் கூடப்பிறந்த அழகர் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கோடாங்கியிடம் குறி கேட்டாயிற்று, மந்திரித்தாயிற்று. நான் படித்துவிட்டு வந்து பார்க்கிறேனே!

முதல் இடத்தில் சேர்ந்தால் சர்டிபிகேட்டை அங்கேயே கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை போகவில்லை.

6 ஜூன்

ராக்கப்பன் பெரியப்பா காலையில் தவறிவிட்டார். பங்காளி சாவு, பதினாறு நாள் தீட்டு. ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது எங்கள் வகையறா. நாளை மறுநாள் கட்ட வேண்டியது, 22-ந் தேதிக்குத் தள்ளிப்போய்விட்டது, என் நேர்காணலுக்கு முந்தின நாள்.

பெரியப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தவள், தேதியைக் கேட்டதும் எனக்காக அழுதேன். சீ, என்ன பெண் நான்?

14 ஜூன்

காப்புக் கட்டினால் அந்த வீட்டு ஆட்கள் எட்டு நாளைக்கு ஊர் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. இந்த வருஷம் காப்பு அண்ணன் கையில், அய்யாவின் வேண்டுதல். நேர்காணலைத் தள்ளிவைக்கச் சொல்லித் தந்தி கொடுத்துப் பார்த்தேன். முடியாதென்று பதில்.

அய்யா அதட்டியிருந்தால் மறுபடி சண்டை போட்டிருப்பேன். கெஞ்சினார்.

“அவன் வாய் தொறக்கணும்னுதேன் நேந்துருக்கேன் தாயி. நீ எல்லை தாண்டிப் படுத்து, அவனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் யாரப் போய்க் கேப்பேன்?”

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பயமாக இருந்தது. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

23 ஜூன்

இந்நேரம் அங்கே என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

30 ஜூன்

இன்று காப்பு அவிழ்த்தார்கள். மத்தியானம் அண்ணனுக்குச் சோறு போட்டேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: “நீ மெட்ராஸ் போகலையா பாப்பா?”

அம்மா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். மாரியாத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அய்யா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினார். வீடு நிறைய ஆட்கள். அவன் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது, சத்தியமாக. பெறகு ஏன் நான் கொல்லைப்புறம் போய் நின்னேன்?

19 ஜூலை

பஸ்ஸில் போய்வரும் தூரத்துக் கல்லூரியில் வரலாறு சேர்ந்துவிட்டேன்.

அண்ணன் பேசியது அந்த ஒரு கேள்விதான். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அடுத்த வருஷமும் அவன் கையிலேயே காப்பு என்று அய்யா நேர்ந்துகொண்டிருக்கிறார். நீயும் வீட்டில் இருக்கணும் என்றார். சரி என்றேன்.